சீதாஎலியவில் சொந்தப் பெயருக்கு ஓர் அர்ச்சனை

தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்கும்போது நம் பெண்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் சொல்வார்கள். முதலில் கணவர். பிறகு மூத்த மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளை. கொழும்பில் வேலை செய்யும் தம்பியின் பெயர்கூட வந்துவிடும். சொல்லுகிறவளின் பெயர் வராது. "குடும்பத்துக்கே சேர்த்துதானே சாமி" என்று முடித்துவிடுவார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் குடும்பம் நடத்தி, ஒரு நல்ல வார்த்தை கேட்காமல் மனம் வறண்டுபோனவர்கள் இலங்கையின் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதாஎலியவில் உள்ள சீதையம்மன் கோயிலுக்குப் போவதென்றால், அன்றைக்கு ஒரே ஓர் அர்ச்சனைதான் செய்ய வேண்டும்: சொந்தப் பெயருக்கு, சொந்த நட்சத்திரத்துக்கு.

நட்சத்திரம் தெரியாதது பெரிய தடை இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த மூத்த பெண்கள் பலருக்குப் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் திகதி இருந்தால், அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிடலாம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே ஒரு திகதிக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். இரண்டு வந்தால், பிறந்தது பகலிலா ராத்திரியிலா என்று வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கும் வழியில்லையென்றால் பெயரின் முதல் எழுத்தை வைத்து நாம நட்சத்திரம் சொல்வார்கள். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்றோ விஷ்ணுகோத்திரம் என்றோ சொல்வது வழக்கம். எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பின்னால் வரிசை நெருக்கும்போது வாய் பழக்கத்தில் கணவர் பெயரைத்தான் சொல்லும்.

நுவரெலியா நகரிலிருந்து பதுளை வீதியில் ஐந்தாறு கிலோமீட்டரில் கோயில். ஹக்கல பூங்காவுக்குச் சற்று முன்னால், வீதியோரத்திலேயே கோபுரம் தெரியும். வெலிமடை, பதுளை பஸ் எல்லாம் அந்த வழிதான். சீதாஎலிய என்றால் நடத்துனர் நிறுத்திவிடுவார். ரயிலில் வருகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கு பஸ் எடுக்க வேண்டும். ஹட்டன் பக்கத்தவர்கள் தலவாக்கலை வழியாக வரலாம். கண்டி, கம்பளையிலிருந்து வருகிறவர்களுக்கு வழியில் றம்பொடையில் சின்மயா மிஷனின் பெரிய அனுமார் கோயில் இருக்கிறது. அங்கேயும் இறங்கினால் நேரம் போய்விடும். ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள் பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் மாதம் வேண்டாம். வசந்த காலக் கூட்டத்தில் நுவரெலியாவுக்குள் பஸ் நகரவே நகராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் காற்றும். ஜனவரி கடைசியிலும் பெப்ரவரியிலும் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் சில நாள் புல்லில் உறைபனி படியும், அதனால் ஸ்வெட்டரும் காலுறையும் கட்டாயம். வெள்ளி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) தவிர்த்த ஒரு வேலைநாளாகப் பாருங்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடக்கூடும். காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோயிலில் இருப்பது நல்லது.

தட்டுக்கு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஊதுபத்தி, கற்பூரம், பூ. இது போதும். பழத்தை வெளியே தெரியும்படி கையில் பிடிக்காதீர்கள். அங்குள்ள குரங்குகள் பையோடு பறித்துக்கொண்டு போகும். கைத்தொலைபேசியும் மருந்தும் அதே பையில் இருந்தால் நாள் கெட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. குளிரிலும் மலைப்பாதை வளைவுகளிலும் மயக்கம் வரும். இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தால் அம்மன் கோபிக்க மாட்டாள்.

உள்ளே இராமர், சீதை, இலட்சுமணர், அனுமார். 2024 மே 19ஆம் திகதி நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தீர்த்தம் கொண்டுவந்தார்கள். கோயிலை ஒட்டி ஓடை. சீதை நீராடியது இங்கேதான் என்று நம்புகிறார்கள். கரைப்பாறையில் உள்ள குழிகளை அனுமாரின் பாதம் என்று காட்டுவார்கள். பாறை பாசி பிடித்து வழுக்கும். செருப்பைக் கழற்றியபின் ஈரக்காலோடு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான் ஆபத்து. இறங்கும் முன் முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையைச் சும்மா விடுங்கள்.

வந்து கும்பிடுகிறவர்களில் பாதிப்பேர் சீதையைப் பொறுமைக்கு மட்டும் கும்பிடுகிறார்கள். "அம்மா, உன்னை மாதிரி தாங்கிக்கிற சக்தி குடு" என்று கேட்கிறார்கள். அசோகவனத்தில் சீதை தாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லையே. தோளில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்ற அனுமாரை அவள் மறுத்துவிட்டாள். எல்லையற்ற உலகங்களையும் என் சொல்லால் சுட்டுவிட முடியும், அப்படிச் செய்தால் அவர் வில்லுக்கு மாசு என்பதால் விட்டேன் என்று கம்பரின் சீதை சொல்கிறாள். தன் பலம் எவ்வளவு என்று தெரிந்தவளின் பேச்சு அது. பிறகு சூடாமணியைக் கழற்றிக் கொடுத்து, இன்னும் ஒரு மாதம்தான் இங்கே இருப்பேன் என்று கெடுவும் வைத்து அனுப்புகிறாள். செய்தி சுருக்கம், அடையாளம் ஒன்று, தவணை ஒன்று. வீட்டில் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆகவே சங்கல்பத்தில் "அவர் திருந்த வேண்டும்" என்று வைக்காதீர்கள். அடுத்தவர் மனத்தை வைத்து நேர்ந்துகொண்டால், வீட்டுக்குப் போன ராத்திரியே நேர்த்தி பொய்த்ததாகத் தோன்றும். அவர் வழக்கம்போலத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார். உங்கள் கையில் உள்ள ஒன்றைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு மாலை எனக்காக எடுத்துக்கொள்ளும் மனம் வேண்டும். என் சம்பளத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கும் துணிவு வேண்டும். விட்டுப்போன தையலை மறுபடி தொடங்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும்.

அங்கிருந்து வெலிமடைப் பக்கமாக இன்னும் சுமார் 15 கிலோமீட்டரில் திவுரும்பொல. சீதை தீக்குளித்த இடம் என்பது நம்பிக்கை. அது ஒரு பௌத்த விகாரை. வெள்ளை அல்லது வெளிர் நிறச் சேலை, மூடிய தோள், செருப்பும் தொப்பியும் வெளியே. தேங்காய் உடைப்பதும் கற்பூரம் கொளுத்துவதும் இங்கே வழக்கமில்லை. ஒரு கைப் பூவும் ஊதுபத்தியும் வைத்தால் சரி. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். சத்தியம் செய்யும் இடமாக ஊர்க்காரர்கள் இதை நெடுநாளாகக் கொண்டிருக்கிறார்கள். பதுளைப் பக்கத்தவர்களுக்கு இது முதலிலேயே வந்துவிடும். கதையின் ஒழுங்குக்காக மெனக்கெட்டுத் தாண்டிப்போய்த் திரும்ப வேண்டியதில்லை.

இங்கே நின்று "இன்னும் பொறுத்துக்கொள்வேன்" என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அது வேண்டாம். நெருப்பிலிருந்து வெளியே வந்தவளிடம் பின்னாளில் மறுபடியும் நிரூபிக்கச் சொன்னபோது, அவள் இன்னொரு தடவை தீயில் இறங்கவில்லை. தாயைக் கூப்பிட்டு பூமிக்குள் போய்விட்டாள் என்று உத்தர காண்டம் சொல்கிறது. சீதையே இரண்டாம் முறை கொடுக்காத அத்தாட்சியை நம் பெண்கள் ஒவ்வொரு நாளும் அடுப்படியில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி வீட்டு ஏற்பாடு. யாத்திரை பாழாவது பெரும்பாலும் இங்கேதான். குடும்பத்தையே வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், விடிய மூன்று மணிக்குப் புளிச்சாதம் கிளறுவதும், பிள்ளைக்குக் குல்லா போடுவதும், மாமியாரைக் கைபிடித்து இறக்குவதும் அந்தப் பெண்தான். சமையலறையைத் தூக்கிக்கொண்டு மலையேறிய மாதிரி ஆகிவிடும். தனியாகவோ, அதே நிலையில் உள்ள ஒரு தோழியோடோ போங்கள். மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் புருஷன்மார் குற்றப்பத்திரிகை வாசிப்பதிலேயே பஸ் ஊர் வந்து சேரும்.

ஒரு வாரம் முன்பே, அவர் சாப்பிட்டு முடித்து நிதானமாக இருக்கும்போது சொல்லுங்கள். "ஏங்க, வர்ற புதன்கிழமை நான் சீதாஎலிய போறேன். ராத்திரி ஏழு மணிக்கு வந்துருவேன். அன்னைக்குச் சோறு நீங்க வடிச்சிருங்க, பருப்பு ஊறப்போட்டு வச்சிட்டுப் போறேன்." அனுமதி கேட்பதுபோல இழுக்க வேண்டாம், பழைய கணக்கையும் கிளற வேண்டாம். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது..." என்று வாயெடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய், புதன்கிழமை காணாமல் போகும். இரண்டு நாள் குழம்பை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகவும் கூடாது. பருப்பை ஊறப்போட்டதே அதிகம்தான்.

செலவுக்குச் சொந்தக் காசு. சம்பளம் உள்ளவர்கள் அதிலிருந்து, இல்லாதவர்கள் சீட்டிலிருந்தோ முட்டை விற்ற காசிலிருந்தோ முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளலாம். மலையில் 18 கிலோ கொழுந்துக்கு இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி நின்ற பெண்ணின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பழக்கம் வங்கி அட்டையிலும் தொடர்கிறது: பெயர் அவளுடையது, இரகசிய இலக்கம் அவருடைய தொலைபேசியில். யாத்திரைக்குக் கிளம்பும் முன் அந்த இலக்கத்தை மாற்றிக்கொள்வதும் விரதத்தில் சேர்த்திதான். வேலை செய்கிறவர்கள் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் ஒருமுறை பார்க்கட்டும்: மாதச் சம்பளத்தில் அவர்கள் பங்கு 8 வீதம், தொழில் கொடுப்பவர் பங்கு 12 வீதம்; பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். உங்கள் உழைப்புக்கு எழுத்தில் உள்ள அத்தாட்சி அது.

பாராட்டு கிடைக்காத வீடு வேறு, அடி விழும் வீடு வேறு. கை ஓங்கப்படும் வீட்டில் அர்ச்சனைக்கு முன் 1938க்குத் தொலைபேசி எடுங்கள். அது பெண்களுக்கான உதவி இலக்கம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தூக்கமே வராமல், வாழ்வே வெறுத்துப்போனால் 1926; மனநல உதவிக்கு. ஜாதகத்தைப் பார்த்துப் பரிகாரத்துக்குப் பெரிய தொகை கேட்கிறவர்களிடம் அந்தக் காசு போக வேண்டாம்.

திரும்பி வந்ததும் பிரசாதத்தைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றுங்கள். சோறு குழைந்திருக்கும், அல்லது அடிப்பிடித்திருக்கும். சாப்பிடுங்கள், குறை சொல்லவும் வேண்டாம், "பாவம் இவ்வளவு செஞ்சிருக்காரே" என்று உருகவும் வேண்டாம். கழுவாத சட்டி தொட்டியில் கிடந்தால் காலைவரை கிடக்கட்டும். அடுத்த முறைக்கான நாளை அந்த வாரத்துக்குள்ளேயே கலண்டரில் குறித்துவிடுங்கள், மார்கழி கடைசிக்குள் ஒரு புதன்கிழமையாக.