தக்கை இல்லாத தூண்டில்

ஈரோட்டிலிருந்து பாம்பனுக்குக் குடும்பங்களை மீன்பிடிக்க அழைத்துச் செல்வது என் தொழில். கொங்கு நாட்டில் கடல் இல்லைதான். ஆனால் காளிங்கராயன் வாய்க்கால் கரையில் மண்புழு கோத்து ஜிலேபி மீன் பிடித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். கடலில் அந்தப் பழக்கமே அவர்களுக்கு முதல் இடைஞ்சலாகிவிடுகிறது. வாய்க்காலில் கண் தக்கையின் மேலேயே இருக்கும். அது அமிழ்ந்தால் சுண்ட வேண்டும். பாக் விரிகுடாவில் நாங்கள் போடும் கைத்தூண்டிலில் தக்கை கிடையாது. ஈயக்குண்டு தூண்டில் நரம்பைக் கடலின் தரை வரை இழுத்துக்கொண்டு போய்விடும். மீன் கொத்துவதை விரல்தான் சொல்ல வேண்டும். அதனால் புறப்படுவதற்கு முன் ஒரு மாலை, எல்லோரையும் கண்ணை மூடி நரம்பைப் பிடிக்கச் சொல்லி மறுமுனையை நான் சுண்டுவேன்.

என் பையில் வெந்நீர் பிளாஸ்க் எப்போதும் இருக்கும். ஓரா மீனின் முள்ளில் நஞ்சு உண்டு. ஜிலேபியைப் பிடிப்பதுபோல் வெறுங்கையால் அள்ளினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். இதைக் கற்றுக்கொடுத்தவர் பாம்பன் நாட்டுப்படகுக்காரர் ஒருவர். எனக்குத் தெரிந்த கடல் முழுவதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

ஒரு கார்த்திகையில் அவரிடமே தவறாக நடந்துகொண்டேன். சென்னிமலையில் தறி நடத்தும் குடும்பம், அப்புச்சி முதல் பேரன் வரை எட்டுப் பேர். இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டு இரவெல்லாம் வேனில் வந்திருந்தார்கள். விடியுமுன் படகுக்காரர் வடக்கே பார்த்தபடி நின்றார். "வாடை ஏறும்போல இருக்கிறது அண்ணே, இன்று வேண்டாம்" என்றார். "கரையோரமாக அரை மணி நேரமாவது போய் வரலாமே" என்று நான் வற்புறுத்தினேன். "கரையோரம்தான் ஆழம் குறைவு. அலை அங்கேதான் மடங்கி விழும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நங்கூரக் கயிற்றை மீண்டும் இறுக்கினார்.

அன்று பிற்பகல் வரை காற்று எழவில்லை. போயிருக்கலாம் என்று தறிக்காரர் கடுமையாகவே பேசினார். படகுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்குள்ளும் மனத்தாங்கல் இருந்தது. மாலையில் வாடை எழுந்து வெள்ளை அலை தெரிந்தபோதும் படகுக்காரர் "பார்த்தீர்களா" என்று ஒரு சொல் சொல்லவில்லை. காற்று வந்ததா வரவில்லையா என்பதல்ல அவருடைய கணக்கு. நிச்சயமில்லாத கடலில் குழந்தைகளை ஏற்றுவதில்லை என்பதுதான். அன்றிலிருந்து முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: படகு கிளம்புவதும் கிளம்பாததும் படகுக்காரர் முடிவு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

அதே குடும்பம் ஆனியில் மறுபடி வந்தது. தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் மாதங்களில் பாக் விரிகுடா பெரும்பாலும் அடங்கியிருக்கும். மிதவைச் சட்டை அணிந்து எட்டுப் பேரும் ஏறினார்கள். கணவாய்த் துண்டைக் கோத்து இறக்கியதும் பேரன் பரபரவென்று நான்கு முறை வெறும் நரம்பை இழுத்தான். அப்புச்சி மட்டும் அசையாமல் இருந்தார். அரை மணி நேரம் கழித்து அவர் கை மெதுவாக உயர்ந்தது. ஒரு சாண் நீள விளமீன். படகுக்காரர் தூண்டில் முள்ளைக் கழற்றிக்கொண்டே, "எப்படித் தெரிந்தது ஐயா?" என்று கேட்டார்.

"தறியில் இழை அறுந்தால் கைக்குத்தானே முதலில் தெரியும்" என்றார் அப்புச்சி.