அமெரிக்க வரலாற்றுத் தாள்: 1875 முதல் 1897 வரை அதிபர் வரிசையில் படிக்காதீர்கள்

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாள் எழுதுகிறவர்கள் உள்நாட்டுப் போர் வரை தெம்பாக வந்துவிடுவார்கள். லிங்கன் இருக்கிறார், அடிமை ஒழிப்பு இருக்கிறது, கதை ஓடுகிறது. அடுத்து மறுகட்டமைப்பு, அதையும் சமாளித்துவிடலாம். அப்புறம்தான் ஹேய்ஸ், கார்ஃபீல்டு, ஆர்தர், கிளீவ்லேண்ட், ஹாரிசன், மறுபடி கிளீவ்லேண்ட் என்று ஒரு வரிசை வரும். யார் என்ன செய்தார் என்று எவ்வளவு படித்தாலும் தலையில் ஏறாது. பலர் அந்த அலகையே சாய்ஸில் விட்டுவிட்டு நேராகத் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத் தாவிவிடுவார்கள்.

நானும் தொலைநிலைக் கல்வியில் இதே தாளைத்தான் படித்தேன். எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு மாற்றம்: அதிபர் வரிசையை மூடி வைத்துவிட்டு, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வரிசையில் படித்தது. காரணம் எளிது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அதிகாரம் அதிபரிடம் இல்லை, காங்கிரஸ் கூடும் கேப்பிடல் கட்டடத்தில் இருந்தது. அங்கே இருந்ததும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பாடநூல்கள் இதை "கட்சிகள் சமபலத்தில் இருந்தன" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியில்தான் மொத்த அலகும் இருக்கிறது.

ஒரு முழுத்தாளை அகலவாக்கில் வைத்து மூன்று வரிசை, பதினோரு கட்டம் போடுங்கள். மேல் வரிசை அதிபர், நடுவில் செனட், கீழே பிரதிநிதிகள் சபை. ஒவ்வொரு கட்டமும் இரண்டு ஆண்டு: 1875–77, 1877–79 என்று 1895–97 வரை. குடியரசுக் கட்சிக்கு "கு", ஜனநாயகக் கட்சிக்கு "ஜ". அவ்வளவுதான்.

முதல் இரண்டு கட்டங்களில் அதிபரும் செனட்டும் கு, கீழ்ச்சபை ஜ. 1879–81இல் இரு சபைகளும் ஜ, அதிபர் ஹேய்ஸ் மட்டும் கு. 1881–83ஐப் பாதி நிரப்பி வையுங்கள்: அதிபரும் கீழ்ச்சபையும் கு, செனட் காலி, அது தனிக்கதை. 1883 முதல் 1889 வரை மூன்று கட்டங்களிலும் செனட் கு, கீழ்ச்சபை ஜ. இடையில் 1885இல் அதிபர் மட்டும் ஆர்தரிலிருந்து கிளீவ்லேண்டுக்கு, அதாவது கு-விலிருந்து ஜ-வுக்கு மாறுகிறார். 1889–91 மூன்றும் கு. 1891–93இல் கீழ்ச்சபை மறுபடி ஜ. 1893–95 மூன்றும் ஜ. கடைசிக் கட்டத்தில் அதிபர் ஜ, கீழ்ச்சபை கு. செனட்டில் கு பெரிய கட்சிதான், ஆனால் பாதியைத் தாண்டவில்லை. நடுவில் விவசாயிகளின் கட்சியான பாப்புலிஸ்ட் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தாளைப் பாருங்கள். மூன்று வரிசையும் ஐயமில்லாமல் ஒரே எழுத்தாக இருப்பது இரண்டே கட்டம்தான். பெரிய சட்டங்களைத் தேடினால் பல அந்த இரண்டு கட்டங்களில் வந்து விழும். மற்றவற்றில் ஒரு சபை அனுப்பியதை மற்றது முடக்கியது, இரண்டும் சேர்ந்து அனுப்பியதை அதிபர் வீட்டோ செய்தார். 1879இல் ராணுவ நிதி ஒதுக்கீட்டு மசோதாவிலேயே தேர்தல் பாதுகாப்புச் சட்டங்களை நீக்கும் பிரிவைச் செருகி அனுப்பியது ஜனநாயகக் கட்சி. ஹேய்ஸ் மறுத்தார். மறுபடி அனுப்பினார்கள், மறுபடி மறுத்தார். ஹேய்ஸ் என்ன செய்தார் என்று கேட்டால் பலர் எழுதாமல் விடும் பகுதி இது.

ஏன் இப்படிப் பிளந்தது? மூன்று காரணம் எழுதினால் போதும். செனட்டர்களை அப்போது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. 1913இல் பதினேழாம் திருத்தம் வரும்வரை இதுதான் முறை. கீழ்ச்சபை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் கோபத்தில் கவிழும், செனட் அப்படிச் சட்டென்று கவிழாது. அடுத்து, 1877க்குப் பின் தெற்கு மாநிலங்கள் மொத்தமாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாகிவிட்டன. கறுப்பின மக்களின் வாக்குரிமையை வன்முறையாலும் மோசடியாலும் நசுக்கித்தான் அந்தக் கோட்டை எழுந்தது. இதைச் சேர்க்காமல் எழுதும் விடை பாதி விடை. மூன்றாவது, நியூயார்க், இண்டியானா மாதிரி ஒரு சில மாநிலங்கள்தான் இரு பக்கமும் ஊசலாடின. 1880இல் நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் இரு அதிபர் வேட்பாளர்களுக்கும் இடையே பத்தாயிரம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. 1884இல் நியூயார்க்கில் ஆயிரத்துச் சொச்சம் வாக்குதான் கிளீவ்லேண்டை அதிபராக்கியது.

பாதி நிரப்பச் சொன்ன 1881க்கு வருவோம். மொத்தம் 76 செனட்டர்கள். குடியரசுக் கட்சி 37, ஜனநாயகக் கட்சி 37. மிச்சம் இருவர். ஒருவர் இல்லினாயைச் சேர்ந்த டேவிட் டேவிஸ், சுயேச்சை. இன்னொருவர் வர்ஜீனியாவின் வில்லியம் மஹோன். உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் ஜெனரலாக இருந்தவர், ரயில்வே முதலாளி, மாநிலக் கடனைக் குறைத்துத் தரவேண்டும் என்று கிளம்பிய ரீஅட்ஜஸ்டர் கட்சிக்காரர். டேவிஸ் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய, மஹோன் எதிர்ப்பக்கம் போய் செனட்டின் வேளாண்மைக் குழுவின் தலைமையைப் பெற்றுக்கொண்டார். 38க்கு 38. துணை அதிபர் செஸ்டர் ஆர்தரின் வாக்கில்தான் செனட் குழுக்கள் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தன.

அந்தக் கணக்கும் நிலைக்கவில்லை. நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரி பதவியை யாருக்குக் கொடுப்பது என்று அதிபர் கார்ஃபீல்டுக்கும் நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங்குக்கும் முட்டிக்கொண்டது. சொந்தக் கட்சி அதிபரோடுதான் சண்டை. மே மாதம் காங்க்ளிங்கும் சக செனட்டர் பிளாட்டும் ராஜினாமா செய்தார்கள், சட்டமன்றம் மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பும் என்ற நம்பிக்கையில். அனுப்பவில்லை. ஜூலை 2ஆம் தேதி பதவி கேட்டு அலைந்த கீட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறக்க, ஆர்தர் அதிபரானார். சமநிலையை உடைக்கத் துணை அதிபரே இல்லாமல் போனது. அக்டோபரில் ஜனநாயகக் கட்சியின் பேயர்டு செனட்டின் தற்காலிகத் தலைவரானார், நியூயார்க்கின் புதிய செனட்டர்கள் வந்த சில நாளிலேயே அந்த நாற்காலி டேவிஸுக்குப் போனது. (இந்த டேவிஸ்தான் 1877இல் அதிபர் தேர்தல் தகராறைத் தீர்த்த பதினைந்து பேர் ஆணையத்தில் நடுநிலை நீதிபதியாக இருந்திருக்க வேண்டியவர். சட்டமன்றம் செனட்டராக்கிவிட்டதால் விலகினார். ஆணையம் 8க்கு 7 என்று ஹேய்ஸ் பக்கம் போனது.)

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், 1883 பெண்டில்டன் குடிமைப் பணிச் சட்டத்துக்கு (அரசு வேலையைச் சிபாரிசுக்குப் பதில் தேர்வு வைத்துக் கொடுக்கச் சொன்ன சட்டம்) எல்லாரும் "கார்ஃபீல்டு கொலை" என்று ஒரே காரணம் எழுதுவார்கள். கொலை 1881இல், சட்டம் 1883 ஜனவரியில். நடுவில் என்ன நடந்தது? 1882 நவம்பரில் குடியரசுக் கட்சி கீழ்ச்சபைத் தேர்தலில் தோற்றது. பதவிகள் இனி எதிரிக்குப் போகப்போகின்றன என்று தெரிந்ததும், இருக்கிற ஊழியர்களைக் காக்கும் சட்டத்தின் மேல் திடீர் அக்கறை பிறந்தது. மசோதா ஒஹாயோவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் பெண்டில்டனுடையது, அதை அவசரமாக நிறைவேற்றியதோ குடியரசுக் கட்சி.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. நவம்பரில் தோற்ற காங்கிரஸ் அதோடு போய்விடாது. டிசம்பரில் கூடி மார்ச் 3 வரை சட்டம் இயற்றும். புதிதாக ஜெயித்தவர்கள் வழக்கமாக அடுத்த ஆண்டு டிசம்பரில்தான், அதாவது பதின்மூன்று மாதம் கழித்துத்தான் வந்து உட்காருவார்கள். 1933இல் இருபதாம் திருத்தம் வந்த பிறகே இது மாறியது. கூற்று–காரணம் வினாக்களிலும் "பொருத்துக" வகையிலும் ஆள் கவிழ்வது இந்த இடத்தில்தான். கட்டங்களை மார்ச் முதல் மார்ச் வரை என்று போட்டுக்கொண்டால் குழப்பமே வராது.

இனி 1889–91, ஐம்பத்தொன்றாவது காங்கிரஸ். ஒரு காங்கிரஸை மட்டும்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஹாரிசன் மக்கள் வாக்கில் கிளீவ்லேண்டைவிடக் குறைவாக வாங்கி, மாநிலவாரியான தேர்வாளர் வாக்கில் 233க்கு 168 என்று ஜெயித்தவர். கீழ்ச்சபையில் நூலிழைப் பெரும்பான்மை. சபாநாயகர் மெய்ன் மாநிலத்தின் தாமஸ் ரீட், ஆளும் பெரியவர், நாக்கும் கூர்மை.

அப்போது சிறுபான்மைக் கட்சி கையில் ஒரு ஆயுதம் இருந்தது. கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, உறுப்பினர்களில் பாதிக்கு மேல். (நம் மக்களவையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதால் நமக்கு இதன் கனம் சட்டென்று புரியாது.) பெயர் கூப்பிடும்போது ஜனநாயகக் கட்சியினர் இருக்கையில் உட்கார்ந்தபடியே வாய் திறக்க மாட்டார்கள். வாக்களிக்காதவர் வராதவர் என்று கணக்கு. ஆளுங்கட்சியில் நாலு பேர் காய்ச்சலில் படுத்தால் கோரம் இல்லை, சபை நின்றுவிடும்.

1890 ஜனவரி 29. மேற்கு வர்ஜீனியாவின் ஒரு தொகுதியில் ஜெயித்தது யார் என்ற தகராறு வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிர்க்கட்சி வழக்கம்போல் மௌனம், வாக்கு எண்ணிக்கை கோரத்துக்குக் கொஞ்சம் கீழே. ரீட் எழுத்தரிடம், இங்கே இருந்துகொண்டு வாக்களிக்க மறுப்பவர்களின் பெயர்களையும் பதிவு செய்யச் சொல்லி, ஒவ்வொரு பெயராக வாசிக்க ஆரம்பித்தார். சபை கொதித்தது. கென்டக்கியின் மெக்ரியரி எழுந்து, என்னை வந்தவனாகக் கணக்கிட உங்களுக்கு உரிமை இல்லை என்றார். மாண்புமிகு உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் சொல்கிறேன், இல்லை என்கிறாரா என்று ரீட் திருப்பிக் கேட்டார். மறுக்க வேண்டுமானால் சபையில் நின்றுதான் மறுக்க வேண்டும். கூச்சல் நாள்கணக்கில் நீண்டது. அதே ஆண்டில் டெக்சாஸின் கில்கோர் பூட்டிய கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியேறிய கதையும் உண்டு, விடையில் எழுத வேண்டாம், நினைவுக்கு உதவும். பிப்ரவரியில் புதிய விதிகள் நிறைவேறின, 1892இல் உச்ச நீதிமன்றம் "அமெரிக்கா எதிர் பாலின்" (Ballin) வழக்கில் அவற்றை ஏற்றது. எதிரிகள் வைத்த பெயர் "ஜார் ரீட்". அதே எதிரிகள் 1894இல் தாங்கள் பெரும்பான்மையாக இருக்கும்போது ரீட் இதே மௌன ஆயுதத்தை அவர்கள் மேல் எடுத்ததும், வேறு வழியில்லாமல் அதே மாதிரி விதியைக் கொண்டுவந்தார்கள்.

கதவு திறந்ததும் சட்டங்கள் கொட்டின: பெருநிறுவன ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் நம்பிக்கைக் கூட்டு (trust) எதிர்ப்புச் சட்டம், நாணயத்துக்காக அரசு வெள்ளி உலோகத்தை வாங்கும் வெள்ளிக் கொள்முதல் சட்டம், போர்வீரர் ஓய்வூதியச் சட்டம், மெக்கின்லி சுங்க வரி, எல்லாம் 1890 ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவில். தேதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரே கட்டம். ஆனால் ஷெர்மன் கூட்டு எதிர்ப்புச் சட்டத்தைக் கட்சிச் சண்டையின் விளைவாக எழுதிவிடாதீர்கள். செனட்டில் அதை எதிர்த்தது ஒரே ஒரு வாக்கு, கீழ்ச்சபையில் ஒன்றுகூட இல்லை.

நிறைவேறாத ஒரு மசோதாதான் என் கணக்கில் இந்த அலகின் மிக முக்கியமான செய்தி. தெற்கில் கறுப்பின வாக்காளர்களைக் காக்க, தேர்தலில் கூட்டரசு மேற்பார்வை கேட்ட லாட்ஜ் மசோதா. 1890 ஜூலையில் கீழ்ச்சபையில் 155க்கு 149 என்று தப்பிப் பிழைத்தது. செனட்டில் ரீட் விதி கிடையாது, பேசிப் பேசியே இழுத்தடிக்கலாம். அதைவிட, வெள்ளி நாணயமே உயிர் என்றிருந்த மேற்கு மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஜனநாயகக் கட்சியோடு கைகோத்தார்கள். 1891 ஜனவரியில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் மசோதா ஓரங்கட்டப்பட்டது. அடுத்த குடிமை உரிமைச் சட்டத்துக்கு நாடு 1957 வரை காத்திருந்தது. மூன்று வரிசையிலும் "கு" என்று இருக்கும் கட்டத்திலேயே இது நடந்தது என்பதை விடையில் அழுத்தி எழுதுங்கள். கட்சிகளுக்கு நடுவே ஓடிய கோட்டைவிட, கட்சிக்குள்ளே கிழக்கு–மேற்கு என்று ஓடிய கோடு சில நேரம் ஆழம்.

இன்னொரு முழுக் கட்டமான 1893–95உம் இதையே காட்டும். மூன்றும் ஜ. சுங்க வரியைக் குறைப்போம் என்று வந்தவர்கள். 1893இன் பொருளாதார நெருக்கடியில் கிளீவ்லேண்ட் வெள்ளிக் கொள்முதலை நிறுத்தியதும் கட்சியே இரண்டானது. கீழ்ச்சபை அனுப்பிய வில்சன் சுங்க வரி மசோதாவில் செனட் அறுநூறுக்கும் மேற்பட்ட திருத்தங்களைப் போட்டது. வெறுத்துப்போன கிளீவ்லேண்ட் கையெழுத்திடாமலே 1894இல் அது சட்டமாகட்டும் என்று விட்டுவிட்டார். அதிலிருந்த வருமான வரியையும் மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. "மதிப்பிடுக" என்று முடியும் பெரிய வினா வந்தால், 1889ஐயும் 1893ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். கட்டம் போட்ட தாளைச் சின்னதாக விடையிலேயே வரைந்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. ஹாரிசனின் வெளியுறவுக் கொள்கை, கிளீவ்லேண்டின் வெள்ளை மாளிகைத் திருமணம் எல்லாம் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.