ஜீவனாம்சப் பிடித்தம்: கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு

கோவையில் ஒரு நூற்பாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். போன ஆடியில் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து எங்களுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் மனைவிக்கும் மகளுக்கும் தர வேண்டிய ஜீவனாம்சம் பாக்கி. மாதம் 9,000 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்து நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று உத்தரவு.

சாயந்திரமே அவர் என் மேசைக்கு வந்துவிட்டார். "அக்கா, ரெண்டு மாசம் தள்ளிப் பிடிங்க. தபால் லேட்டுன்னு சொல்லிக்கலாமுங்க." மேனேஜரும் "நம்ம பையன்தானே, பார்த்துச் செய்யுங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சோற்றுக் காசில் என்ன பார்த்துச் செய்வது? உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21-ஆம் கட்டளை, 48ஏ விதியைப் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். உத்தரவை மீறிச் சம்பளம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு. மேனேஜர் அப்புறம் வாய் திறக்கவில்லை. அந்த மாதமே பிடித்தோம்.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். சாதாரணக் கடன் வழக்கு என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஜீவனாம்சத்துக்கு அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு வேறு கணக்கு சொல்கிறது: மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு. 30,000 ரூபாய் சம்பளக்காரரிடம் கடனுக்கு 9,667 வரை பிடிக்கலாம். ஜீவனாம்சத்துக்கு 20,000 வரை போகலாம். பி.எஃப். கணக்கில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது.

சூப்பர்வைசரின் மனைவி ஒருமுறை ஆபீசுக்கு வந்தார். "வேலைய விட்டுட்டா என்னங்க பண்றது?" என்றார். பிடித்தம் இங்கே சம்பளம் வாங்கும்வரைதான்; புது வேலை எங்கே என்று தெரிந்ததும் வக்கீலிடம் சொல்லுங்கள் என்றேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆம் பிரிவில் பாக்கியை வசூலிக்க வாரண்ட் கேட்பதானால் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். கணவர் ஜெயிலுக்குப் போய் வந்தாலும் பாக்கி கழியாது, 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எச்.ஆரில் சொல்லி வைத்திருக்கிறேன்: அந்த சூப்பர்வைசர் ராஜினாமா கடிதம் கொடுத்தால் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும். கடைசிச் சம்பளம் போடுவதற்கு முன்பே நீதிமன்றத்துக்கு எழுதிவிடுவேன்.