சுண்டுவின் பேடும் என் துவைப்பும்

என் நாய் சுண்டுவின் எடை 3 கிலோ. வீட்டுக்குள் அவன் மூத்திரம் போவதற்காகத் தரையில் உறிஞ்சும் பேட் விரித்துவைப்பேன், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற வகை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு பேடைக் கிழித்துக் கூடம் முழுக்கப் பரப்பிவிடுவான். ஒருநாள் வந்து பார்த்தால் சோபாவுக்கு அடியில் பஞ்சு, நடுவில் வழவழவென்று ஊதிப்போன சின்னச் சின்ன மணிகள். குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே சோடியம் பாலிஅக்ரிலேட்தான். ஈரம் பட்டால் பல மடங்கு ஊதும். பஞ்சும் பிளாஸ்டிக்குமாக நாய் விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளலாம். அவன் வாயில் விரலை விட்டுத் துழாவி ஒரு துண்டை எடுத்தேன். அப்புறம் இரண்டு நாள் அவன் கக்கா போகும்போதெல்லாம் பின்னாலேயே போய்க் குனிந்து பார்ப்பதுதான் என் வேலை.

சரி, இனி தூக்கி எறியும் பேடே வேண்டாம் என்று துவைக்கிற பேட் நான்கு வாங்கினேன். ஒன்று தரையில், ஒன்று வாளியில், ஒன்று கொடியில், ஒன்று கைவசம். மூன்று இருந்தால் மழைநாளில் மாட்டிக்கொள்வோம்.

முதல் வாரமே சொதப்பினேன். வாடை போகட்டும் என்று துணி மென்மையாக்கும் திரவத்தைத் தாராளமாக ஊற்றித் துவைத்தேன். மறுநாள் மூத்திரம் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு ஓரமாக வழிந்தது. அந்தத் திரவம் இழைகளின்மேல் படலமாகப் படிந்துவிடுமாம். வெறும் சோப்புத்தூளில் மூன்று தடவை துவைத்த பிறகுதான் பேட் பழையபடி உறிஞ்சியது. ப்ளீச் பக்கமே போகவில்லை. மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சு வாயு வரும். இப்போது முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, என்சைம் கலந்த சோப்பில் துவைக்கிறேன். டிரையரில் கடும் சூட்டில் போடுவதில்லை, அடியில் இருக்கும் நீர் புகாத பூச்சு வெடித்துவிடும்.

இன்னொரு தொல்லையை யாரும் சொல்லவில்லை. துவைக்கிற பேட், காலுக்கு மெத்தென்று இருப்பதில் மிதியடி மாதிரியே இருக்கிறது. சுண்டு மிதியடியையும் பேடாக எடுத்துக்கொண்டான். ஒரு மாதம் வீட்டில் மிதியடியே இல்லை.

அப்புறம் ஒரு பயணம். துவைக்க வழியில்லாததால், அலமாரியில் மிச்சமிருந்த பழைய பேடுகளை எடுத்துப் போனேன். இரண்டாம் நாள் காலை, வெள்ளைப் பேடில் லேசான இளஞ்சிவப்புக் கறை. மருத்துவரிடம் ஓடினோம். சிறுநீர்த் தொற்று. அதற்கு முன்னால் எத்தனை நாளாக இருந்ததோ! வீட்டில் விரித்திருந்தது கருநீலப் பேட். அதில் என்ன தெரியும்?

இப்போது தினசரிக்குத் துவைக்கிற பேட்தான். வாரத்தில் ஒருநாள் மட்டும் வெள்ளைப் பேட், அதுவும் ஓரங்களை அழுத்திப் பிடிக்கும் தட்டில் வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. கருநீலம் நான்கும் நைந்ததும் வெளிர் நிறத்தில்தான் வாங்கப்போகிறேன்.