ஆறு நாள் விரதமும் என் கைவிரல்களும்

ஐப்பசியில் வேளிமலை முருகனுக்குக் கந்த சஷ்டி விரதம் இருப்பது எங்கள் வீட்டில் மாமியின் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். முடக்குவாதம் எனக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தபோது, "விரதம் இருந்தா வாதம் தன்னால வடியும் மக்ளே" என்று மாமி சொன்னதைக் கேட்டு நானும் ஆறு நாளும் இருந்தேன். பகலில் வெந்நீரும் இளநீரும், இரவில் ஒரு டம்ளர் பாலும் இரண்டு மட்டிப் பழமும்தான் உணவு. மருந்துகளை மட்டும் ஒரு வேளையும் விடவில்லை. நான்காம் நாள் காலையில் தேங்காய் துருவ உட்கார்ந்தபோதுதான் மாற்றத்தைக் கவனித்தேன். எட்டரை மணி வரை தேங்காய் முறியைப் பிடிக்கவே மறுக்கும் என் வலது கை, அன்று ஏழு மணிக்கு முன்பே அதைச் சுற்றிப் பிடித்துத் துருவி முடித்தது. நடுவிரலின் அடிக்கணுவில் இருந்த வீக்கமும் சுருங்கி, தோலில் மெல்லிய சுருக்கம் தெரிந்தது.

அந்த மகிழ்ச்சிதான் அடுத்த ஆண்டு என்னைத் தவறான வழியில் இழுத்துச் சென்றது. உணவை நிறுத்தினாலே இவ்வளவு குறைகிறதென்றால் இங்கிலீஷ் மருந்து எதற்கு என்று உறவினர் ஒருவர் சொன்னார். வெறும் வயிற்றில் மாத்திரை எரிந்ததும் சேர்ந்துகொள்ள, தினமும் எடுத்துவந்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் தலைசுற்றி விழுந்தேன்; விரதம் முடிந்த வாரத்தில் இரண்டு மணிக்கட்டும் முழங்காலும் ஒருசேர வீங்கின. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரீனல் சுரப்பி, உடலுக்குத் தேவையான கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அதனால் உடனே ஈடுகட்ட முடிவதில்லை; பட்டினி என்னும் சுமையும் சேரும்போது நிலைமை உயிருக்கே ஆபத்தாகலாம். இதை எனக்கு விளக்கிய மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முதல் ஆண்டு வலி குறைந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, அதன் காரணத்தையும் பொறுமையாகச் சொன்னார். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மூட்டில் வீக்கமும் வலியும் உண்டாக்கும் அழற்சியில் பெரும்பங்கு வகிப்பவை மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து இரத்தத்தில் சுற்றும் இவை, மூட்டுச் சவ்வுக்குள் புகுந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. ஆரோக்கியமானவர்களை 19 மணி நேரம் உண்ணாமல் இருக்கச் செய்து பார்த்ததில், இரத்தத்தில் இவ்வணுக்களின் எண்ணிக்கை குறைந்ததோடு அவற்றின் அழற்சி வேகமும் தணிந்ததாக 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சத்து வரத்து குறைந்ததைக் கல்லீரல் உணர்ந்துகொள்ள, மஜ்ஜையிலிருந்து அணுக்களை வெளியே வரவழைக்கும் சமிக்ஞை குறைகிறது என்று எலிகளில் கண்டறிந்தார்கள். இது தவிர, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களில் ஒன்றான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அழற்சியைத் தூண்டிவிடும் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டமைப்பைத் தடுக்கிறது என்பது 2015-லேயே வெளியான செய்தி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2023-இல் வந்த எலி ஆய்வு. பட்டினியின்போது மோனோசைட்டுகள் அழிவதில்லை. அவை மஜ்ஜைக்குள் திரும்பிப் போய்த் தங்குகின்றன. 24 மணி நேரப் பட்டினிக்குப் பின் எலிகளுக்கு உணவு கொடுத்ததும் அவை பெருங்கூட்டமாக மீண்டும் இரத்தத்திற்குள் வந்தன. எலிக்கு நடப்பது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும், விரதம் முடித்த மறுநாள் வடையும் பாயசமுமாக விருந்துண்ட பிறகு சில நாள்களிலேயே பழைய விறைப்பு திரும்பிவிட்ட என் முதல் ஆண்டு அனுபவம் அதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது.

விரதத்திற்குப் பின் என்ன உண்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நான் நம்புவதற்கு நார்வே நாட்டுச் சோதனை ஒன்று காரணம். 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த அதில் முடக்குவாத நோயாளிகள் 53 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் 27 பேர் 7 முதல் 10 நாள்கள் காய்கறிச் சாறும் மூலிகைத் தேநீருமாக இருந்துவிட்டு, மூன்றரை மாதம் பாலும் கோதுமையும் இல்லாத சைவ உணவும், அதன் பிறகு பால் சேர்ந்த சைவ உணவும் உண்டனர். ஓராண்டு கழித்தும் அவர்களிடம் பலன் நீடித்தது. அதற்கு முன் 1979-இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வில் பட்டினியின்போது வலி குறைந்தாலும், பின்னர் அந்தப் பலன் நிலைக்கவில்லை. இவையெல்லாம் சிறிய ஆய்வுகள் என்பதையும், மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுத் தேய்வதைப் பட்டினி தடுக்கும் என்று இவை நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் தேய்வைத் தடுப்பதற்காகத்தான் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எடுக்கிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் விரதம் இல்லாத வீடு அரிது. கோட்டாறு பக்கம் தவக்காலத்தில் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதம்) இருக்கும் தோழியும், எங்கள் தெருவில் ரமலான் நோன்பு பிடிக்கும் அக்காவும் என்னைப் போலவே மூட்டு நோய் உள்ளவர்கள். அந்த அக்காவின் மருத்துவர் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மாத்திரைகளை விடியலுக்கு முன் உண்ணும் சஹர் நேரத்திற்கும் இரவுக்கும் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறார். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதித்தவர்களும், ஏற்கெனவே உடல் மெலிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. அழற்சி நோயே தசையைக் கரைக்கும். நீண்ட பட்டினி அதை இன்னும் கரைத்துவிடும்.

இந்த ஆண்டு ஆறு நாளும் ஒரு வேளை உணவு உண்டு விரதம் இருக்க மருத்துவர் சம்மதித்திருக்கிறார். ஸ்டீராய்டு மாத்திரையை அந்த உணவோடு எடுக்க வேண்டும். விருந்துக்குப் பதிலாகச் சிறுபயறு போட்ட கஞ்சி குடித்து விரதத்தை முடிக்கப் போகிறேன் என்றதும் மாமிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் போன வாரம் அவரே இரண்டு கிலோ பயறு வாங்கி, முற்றத்தில் வெயிலில் காய வைத்து, டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார்.