தைக்காமல் விட்ட வெட்டு

குழந்தைகள் அறுவைப் பிரிவில் நான் செய்யும் சிகிச்சைகளுள், நூறாண்டு கடந்தும் ஏறக்குறைய மாறாமல் நிற்பது, இரைப்பை முடியும் இடத்தில் தசை தடித்துப் பால் இறங்கும் வழியை அடைத்துவிட்ட பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்வதுதான். பிறந்த மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, குடித்த பால் பீறிட்டு வாந்தியாகும். வாந்தியில் பித்தம் இராது. கக்கிய கையோடு குழந்தை பசியால் அழும். வயிற்றில் தட்டுப்படும் கட்டியைப் பாடநூல்கள் ஆலிவ் காய்க்கு ஒப்பிடுகின்றன. ஆலிவைக் கண்டிராத பயிற்சி மருத்துவர்களிடம் நான் அரைநெல்லி என்றே சொல்லிவிடுகிறேன்.

கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1888இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தபோது அதற்கென்று அறுவை எதுவும் இருக்கவில்லை. பின்வந்தவர்கள் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே வற்றிப்போயிருந்த குழந்தைகளில் பலர் அந்த நீண்ட அறுவையைத் தாங்கவில்லை. பாரிஸில் ஃப்ரெதே 1907இல் தசையை நீளவாட்டில் வெட்டிக் குறுக்குவாட்டில் தைத்தார். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் கான்ராட் ராம்ஸ்டெட் 1911இல் அவ்வாறே தைக்க முயன்றபோது, தடித்த தசையைத் தையல்கள் அறுத்துக்கொண்டு வந்துவிட்டன. குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வின் ஒரு பகுதியை வெட்டின்மேல் போர்த்தி முடித்தார். குழந்தை சில நாள் வாந்தியெடுத்துப் பின் தேறியது. தையலே தேவையில்லை போலும் என்று எண்ணியவர், அடுத்த ஆண்டு வந்த குழந்தைக்கு உட்சவ்வைத் தொடாமல் தசையை மட்டும் பிளந்து அப்படியே விட்டார். பெரியவர்களின் அறுவையைச் சிறிதாக்கிச் செய்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் மறுப்பு இதுதான்.

இன்று லேப்ராஸ்கோப் வழியே செய்தாலும் வெட்டு அவருடையதே. மாறியது அதற்கு முந்தைய நேரம். வாந்தியோடு இரைப்பை அமிலம் வெளியேறி, ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைந்து, காரத்தன்மை கூடிய நிலையில் மயக்கமருந்து கொடுத்தால், அறுவை முடிந்தபின் குழந்தையின் மூச்சு நின்று நின்று வரக்கூடும். ஆகவே சலைன் ஏற்றி, ரத்தப் பரிசோதனை சீரான பிறகே தியேட்டருக்கு எடுத்துச் செல்கிறோம். "புள்ள வத்திப்போறான், இன்னும் எதுக்கு சார் காத்திருக்கீங்க?" என்று கேட்கும் தகப்பனுக்கு இதை விளங்கவைப்பது, அறுவையைவிட எனக்குக் கடினமான வேலை. கூடவே தாயிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: அறுவைக்குப் பின்னும் ஓரிரு நாள் கக்கலாம், ராம்ஸ்டெட்டின் குழந்தையும் கக்கியது, அதற்காகப் பாலை நிறுத்திவிட வேண்டாம்.