அன்னைக்கு நான் ஏன் சிரிச்சேன்

ஓசூர் பக்கத்துப் பண்ணைல 7 வாரம் மேஞ்சுட்டு அந்த ஃபில்லி, ரேஸ்ல ஓடுற இளம் பெண் குதிரை, சென்னைக்கு வந்து இறங்குனப்போ வயிறு லேசா தொங்கியிருந்துச்சு, மேல்முடி எண்ணெய் தடவுன மாதிரி மின்னுச்சு, முக்கியமா ஆடல. பண்ணைக்குப் போறதுக்கு முன்னாடி லாயத்து அரைக்கதவுக்கு மேல தலைய நீட்டி இடதும் வலதுமா ஆடிக்கிட்டே நிக்கும், முன்கால் மிதிச்ச இடத்துல வைக்கோல் விலகி தரை தெரியும். ஓட்ஸ் பாதி தொட்டிலயே கிடக்கும், கேமரா குழாய் விட்டுப் பாத்தா வயித்துல புண்ணு.

வந்த அன்னைக்கே அதைப் பாத்துக்குற சைஸ் அண்ணன் கேட்டாரு, "சார், இத அங்கயே வச்சுக்கிட்டு ரேஸுக்கு மட்டும் வண்டில ஏத்திட்டு வந்தா ஆகாதா?"

சிரிச்சுட்டேன். "அதெல்லாம் இங்கிலாந்துலண்ணே, ட்ரெய்னரோட லாயம் இருக்குற யார்டுலருந்து ரேஸ் அன்னைக்கு ஏத்திட்டு வருவாங்க, நமக்கு 300 கிலோமீட்டர்"னேன்.

தப்பா ஒண்ணும் சொல்லல. அந்த யார்டுகள்லயும் குதிரை பெரும்பாலும் பாக்ஸ்லதான், லாயத்து அறைக்குள்ளதான் நிக்குது. ஆனா அவர் கேட்டது தூரத்தப் பத்தி இல்லையோன்னு இப்ப தோணுது. குதிரை வயித்துல தின்னாலும் தின்னாட்டியும் அமிலம் ஊறிக்கிட்டே இருக்கும், நாளெல்லாம் புல்லு மென்னு எச்சில் இறங்குனாதான் அடங்கும், நாம தானியத்தக் கொட்டி 22 மணி நேரம் நிக்கவச்சுட்டு மருந்து வாங்குறோம். அதுக்காக மேய்ச்சல்லயே விட்டிருந்தா காலைல ஓட்டுற பயிற்சி இல்லாம ரேஸுக்கு வேண்டிய தம் வந்திருக்குமா? அதுவும் இல்ல, பண்ணைல புல்லா, ஓசூர் குளிரா, இல்ல வேக ஓட்டம் இல்லாத ஓய்வா, எது அதைத் தேத்துச்சுன்னே எனக்குத் தெரியாது. வேகமா ஓட்டுறதே புண்ணக் கிளப்பும்னு டாக்டருங்க சொல்றாங்க.

முதல் ரேஸ்ல கழுத்து வித்தியாசத்துல ரெண்டாவது. அது ஓடுனதுலயே அதான் பெஸ்ட். "பாத்தீங்களாண்ணே, பாக்ஸ்லருந்துதானே ஓடுச்சு"ன்னேன். அவர் குதிரை மேல இருந்த வேர்வைய வழிச்சுக்கிட்டே இருந்தாரு, பதிலே இல்ல. எனக்கே உறுத்துச்சு, ஓடுனது பண்ணை 7 வாரமா, பாக்ஸ் 5 வாரமா?

அதுக்கப்புறம் மூணாவது வாரம் மறுபடி ஆட ஆரம்பிச்சுது. அந்த நேரம் பாத்து ஓனர் போன், எப்படி இருக்குன்னு. "நல்லா செட்டில் ஆயிடுச்சு சார்"னு வாய்ல வந்துடுச்சு. திரும்ப அனுப்பலாம்னு சொன்னா சீசன் போச்சு, செலவு வேற, அவரும் ஒத்துக்கமாட்டாரு. இதெல்லாம் போன வச்சப்புறம் நானா சேத்துக்கிட்ட காரணம்.

சைஸ் அண்ணன் அப்ப புல் வலையக் கட்டிக்கிட்டிருந்தாரு, காதுல விழாம இருக்காது. முடிச்சப் போட்டுட்டு அது கழுத்துல கைய வச்சாரு, நின்னுச்சு. கைய எடுத்தாரு, மறுபடி இடது, வலது.